குடிமை உரிமை வழக்கறிஞரை அமர்த்தும் முன்: அமெரிக்காவில் வாழும் தமிழர் கேட்கும் கேள்விகள்

பணியிடத்திலோ வீதியிலோ அரசு அலுவலகத்திலோ தம் உரிமை மறுக்கப்பட்டதாகக் கருதும் ஒருவர், அமெரிக்காவில் வழக்கறிஞரை முதன்முறையாகச் சந்திக்கும் முன் அறிந்திருக்க வேண்டியவை இங்கே கேள்வி பதிலாகத் தரப்பட்டுள்ளன. நாடு முழுவதுக்கும் பொதுவான கூட்டரசு (ஃபெடரல்) சட்டமே இவற்றுக்கு அடிப்படை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் இடங்களில் சில மாநிலங்கள் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டுள்ளன. இது பொதுத் தகவலே. உங்கள் வழக்கின் விவரங்களைக் கேட்டறிந்த வழக்கறிஞர் சொல்வதற்கு மாற்றாக இதைக் கொள்ளக் கூடாது.

குடிமை உரிமை வழக்கறிஞரும் குடியுரிமை வாங்கித் தரும் வழக்கறிஞரும் ஒருவர்தானா?

இல்லை. தமிழில் இரண்டு சொற்களும் ஒன்றுபோல ஒலிப்பதால் நேரும் குழப்பம் இது. விசா, கிரீன் கார்டு, குடியுரிமை ஆகியவற்றைக் கவனிப்பவர் குடிவரவு வழக்கறிஞர். இனம், நிறம், மதம், பாலினம், பூர்விக நாடு, மாற்றுத்திறன் போன்ற காரணங்களுக்காக ஒருவர்மீது காட்டப்படும் பாரபட்சத்தையும், காவலர் முதலிய அரசு அலுவலர்கள் அரசமைப்பு உரிமைகளை மீறுவதையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்பவரே குடிமை உரிமை வழக்கறிஞர். ஊரில் ‘சிவில் வக்கீல்’ என்றால் நிலத்தகராறும் பாகப்பிரிவினையும் பார்ப்பவர் என்று பொருள். அந்தப் பொருளும் இங்கே பொருந்தாது.

இத்துறைக்குள்ளேயே பணியிடப் பாரபட்ச வழக்குகளை நடத்துபவர் வேறு, காவல்துறை அத்துமீறல், சிறைக்கொடுமை வழக்குகளை நடத்துபவர் வேறு என்ற பிரிவு பெரும்பாலும் உண்டு. இரண்டிலும் தேர்ந்தவர் சிலரே இருப்பதால், தொலைபேசியில் பேசும்போதே உங்கள் வழக்கு எந்த வகை என்பதைச் சொல்லிவிடுவது இருவர் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

எனக்கு நேர்ந்தது அநியாயம் என்பது உறுதி. வழக்குப் போட அது போதாதா?

போதாது. பலரும் ஏமாற்றமடையும் இடம் இதுவே. கடுமையான மேலாளர், நியாயமற்ற மதிப்பீடு, காரணம் சொல்லாத பணிநீக்கம் ஆகியவை மட்டும் அமெரிக்காவில் சட்டமீறல் ஆகிவிடா; பெரும்பாலான மாநிலங்களில் முதலாளி காரணமே சொல்லாமல் ஒருவரை நீக்கலாம். அந்தச் செயலுக்குப் பின்னால் சட்டம் தடைசெய்துள்ள காரணம் ஒன்று இருந்தது என்பதையோ, பாரபட்சத்தைப் பற்றிப் புகார் செய்ததற்காக நீங்கள் பழிவாங்கப்பட்டீர்கள் என்பதையோ காட்ட வேண்டும். பழிவாங்கல் தனிக் குற்றச்சாட்டு. மூலப் புகாரை முழுமையாக நிரூபிக்க இயலாதவர்கள்கூட இதில் வென்றிருக்கிறார்கள்.

1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி, குறைந்தது 15 ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே பொருந்தும். அதைவிடச் சிறிய இடத்தில் வேலை செய்பவருக்கு மாநிலச் சட்டமோ, 1866ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த, இனப் பாரபட்சத்தைத் தடுக்கும் 1981ஆம் பிரிவோ உதவக்கூடும். அந்தப் பிரிவில் ‘இனம்’ என்பது வம்சாவளியையும் உள்ளடக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. அரசு அலுவலர்மீதான வழக்குகளுக்கு 1983ஆம் பிரிவே அடித்தளம். எண்ணைப் பார்த்து ஆண்டு என்று நினைத்துவிட வேண்டாம். அது சட்டத்தொகுப்பின் பிரிவு எண், சட்டமோ 1871இல் வெள்ளையின வெறிக் குழுவான கூ கிளக்ஸ் கிளானின் வன்முறையை ஒடுக்க இயற்றப்பட்டது.

சாதியைப் பொறுத்தவரை, சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடைசெய்தது. கலிஃபோர்னியாவில் அதே ஆண்டு சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, இருக்கும் சட்டங்களே அதைத் தடுக்கின்றன என்று கூறி ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார். எனவே சாதி தொடர்பான புகார் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும் கேள்வி. அதைச் சந்திப்பில் நேரடியாகவே கேட்டுவிடலாம்.

எவ்வளவு காலத்துக்குள் வழக்கறிஞரைத் தேட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். நல்ல வழக்குகள் சாட்சியில்லாமல் தோற்பதுபோலவே கெடு கடந்தும் தோற்கின்றன. சாட்சியையாவது பிறகு தேடலாம், கடந்த கெடுவை மீட்க அநேகமாக வழியில்லை.

பணியிடப் பாரபட்சத்துக்கு, நீதிமன்றம் செல்லும் முன் கூட்டரசின் சமவேலைவாய்ப்பு ஆணையத்திடம் (EEOC) புகார் பதிவாக வேண்டும். அதற்குக் கெடு 180 நாள். பாரபட்சத்தைத் தடுக்கும் சொந்தச் சட்டமும் அதை அமல்படுத்தும் அமைப்பும் உள்ள மாநிலங்களில் 300 நாள். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, டெக்ஸாஸ் ஆகியவற்றில் 300. ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் 180. விடுமுறை நாட்களும் இந்தக் கணக்கில் சேரும். கூட்டரசு அரசாங்கத்தின் ஊழியராக இருந்தால் 45 நாளுக்குள் உங்கள் துறையின் சமவாய்ப்பு ஆலோசகரை அணுகியாக வேண்டும். நீங்கள் வழக்குத் தொடரலாம் என்ற உரிமைக் கடிதத்தை ஆணையம் அனுப்பிய பின், அது கைக்கு வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் நீதிமன்றம் சென்றாக வேண்டும். 1981ஆம் பிரிவு வழக்குகளுக்கு ஆணையத்தின் படி ஏற வேண்டியதில்லை. பணிநீக்கம் போன்றவற்றுக்கு நான்கு ஆண்டு அவகாசமும் உண்டு.

நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேலையின் கடைசி நாளிலிருந்து அல்ல, நீக்க முடிவு உங்களுக்கு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கும் என்று டெலவேர் ஸ்டேட் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980இல் முடிவுசெய்தது. நிறுவனத்துக்குள் மேல்முறையீடு செய்திருப்பது அந்த ஓட்டத்தை நிறுத்தாது என்பதும் அதே தீர்ப்பு. ‘மனிதவளத் துறை விசாரிக்கிறது, முடிவு வரட்டும்’ என்று காத்திருப்பவர் தம் கெடுவைத் தாமே தின்றுகொண்டிருக்கிறார்.

காவலர், நகராட்சி அலுவலர் முதலியோர்மீதான 1983ஆம் பிரிவு வழக்கு, அந்தந்த மாநிலத்தின் உடற்காய வழக்குக் கெடுவைக் கடன் வாங்குகிறது. கலிஃபோர்னியா, டெக்ஸாஸ், நியூஜெர்சியில் இரண்டு ஆண்டு, நியூயார்க்கில் மூன்று ஆண்டு, டென்னிசியில் ஒரே ஆண்டு. ஆனால் அதனுடன் மாநிலச் சட்டத்தின் கீழும் இழப்பீடு கோருவதானால் உள்ளாட்சிக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் கோரிக்கை தர வேண்டும். அதற்கு நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் 90 நாள், கலிஃபோர்னியாவில் உடற்காயத்துக்கு ஆறு மாதம். ‘இரண்டு ஆண்டு இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருப்பவர் இந்தச் சிறிய கெடுவைத்தான் தவறவிடுகிறார்.

விமான நிலையத்திலோ எல்லையிலோ அத்துமீறி நடந்துகொண்டவர் கூட்டரசு அலுவலர் என்றால் 1983ஆம் பிரிவு பொருந்தாது. அவரைத் தனிப்பட வழக்கில் இழுக்கும் வழியை உச்ச நீதிமன்றம் 2022இல் பெருமளவு அடைத்துவிட்டது. அரசாங்கத்திடம் இழப்பீடு கோர, சம்பந்தப்பட்ட துறைக்கு இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

பணிநீக்கத்தோடு ஒரு தொகை தந்து கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். என்ன செய்வது?

கையெழுத்திடும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அந்தத் தாளில் ‘எல்லாக் கோரிக்கைகளையும் கைவிடுகிறேன்’ என்ற வாசகம் ஏறத்தாழ நிச்சயமாக இருக்கும். கையெழுத்திட்ட பின் ஆணையத்திடம் புகார் கொடுக்கும் உரிமை எஞ்சினாலும், அதனால் பணம் பெறும் உரிமை போய்விடலாம். 40 வயதோ அதற்கு மேலோ ஆனவரிடம் வயதுப் பாரபட்சக் கோரிக்கையையும் கைவிடச் சொன்னால், யோசிக்க 21 நாளும், கையெழுத்திட்ட பின் மனம் மாறித் திரும்பப் பெற 7 நாளும் தந்தாக வேண்டும். கூட்டாகப் பலரை நீக்கும்போது 21 என்பது 45 ஆகும். அதைவிட இளையவருக்குச் சட்டம் இப்படி நாள் எதையும் குறிக்கவில்லை என்றாலும், அவகாசம் கேட்பதை எவரும் தவறாகக் கொள்வதில்லை.

எச்-1பியில் இருப்பவருக்கு இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. வேலை முடிந்தபின் நாட்டில் தங்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம். புகாருக்கோ 180 அல்லது 300 நாள். முதல் கடிகாரத்தின் பதற்றத்தில் இரண்டாவதை மறப்பது இயல்பு. குடிவரவு வழக்கறிஞரையும் குடிமை உரிமை வழக்கறிஞரையும் ஒரே வாரத்தில் சந்தியுங்கள். நாடு திரும்ப நேர்ந்தாலும் வழக்கைத் தொடர முடியும்.

வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட தாள்களில் நடுவர் தீர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வழக்கு நீதிமன்றத்துக்குப் பதில் தனியார் நடுவரிடம் போகலாம். பாலியல் துன்புறுத்தல் வழக்குகளில் அப்படிக் கட்டாயப்படுத்துவதை 2022ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது.

அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர் வழக்குத் தொடரலாமா?

தொடரலாம். அமெரிக்க அரசமைப்பின் பதினான்காம் திருத்தம் ‘குடிமகன்’ என்று மட்டும் சொல்லாமல் ‘எந்த நபருக்கும்’ சமப் பாதுகாப்பு என்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் சலவைத்தொழில் நடத்திய சீனர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1886லேயே இதை உறுதிசெய்தது. ஆவணமற்ற நிலையில் இருப்பவர், வழக்கால் நேரக்கூடிய பிற விளைவுகளைப் பற்றி முதல் சந்திப்பிலேயே பேசிவிட வேண்டும்.

நம்பகமான வழக்கறிஞரை எங்கே தேடுவது?

மாநில வழக்கறிஞர் சங்கத்தின் பரிந்துரைச் சேவை, பணியிட வழக்குகளுக்குத் தேசிய வேலைவாய்ப்பு வழக்கறிஞர் சங்கத்தின் பெயர்ப்பட்டியல், காவல்துறை வழக்குகளுக்கு தேசியக் காவல் பொறுப்புடைமைத் திட்டத்தின் உறுப்பினர் பட்டியல் ஆகியவை நல்ல தொடக்கங்கள். குடிமைச் சுதந்திரங்களுக்காக வழக்காடும் ஏ.சி.எல்.யூ. (ACLU) என்ற அமைப்பு, பரந்த தாக்கமுள்ள சில வழக்குகளையே எடுக்கும். எழுதிப் பார்க்கலாம், ஆனால் பதிலுக்காகக் காத்திருந்து கெடுவை விடக் கூடாது. பல சட்டக் கல்லூரிகளின் பயிற்சி மையங்கள் கட்டணமின்றி உதவுகின்றன.

இந்தியாவில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பதால், விளம்பரப் பலகையில் சிரிக்கும் வழக்கறிஞரைப் பார்த்து நம்மவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அமெரிக்காவில் 1977 முதல் அது அனுமதிக்கப்பட்ட ஒன்று. அது தகுதிக்கும் சான்றல்ல, தகுதியின்மைக்கும் சான்றல்ல. மாநில வழக்கறிஞர் பதிவேட்டில் பெயரைத் தேடி, உரிமம் நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பாருங்கள். இன்னொன்று: ஊரில் நோட்டரி பெரும்பாலும் வழக்கறிஞராகவே இருப்பார், இங்கே அவர் கையெழுத்துக்குச் சாட்சி நிற்பவர் மட்டுமே. அவரிடம் சட்ட ஆலோசனை கேட்க வேண்டாம்.

கட்டணம் எப்படி?

வழக்கின் வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளின்படி தடைசெய்யப்பட்டது. அமெரிக்காவில் உரிமையியல் வழக்குகளில் அதுவே மிகப் பரவலான முறை. கிடைக்கும் தொகையில் மூன்றிலொரு பங்கு முதல் 40 விழுக்காடு வரை வழக்கறிஞர் எடுத்துக்கொள்வது வழக்கம்; ஒன்றும் கிடைக்காவிட்டால் கட்டணமும் இல்லை. மணிக்கணக்கில் கட்டணம் பெறுவது, சதவீதமும் மணிக்கணக்கும் கலந்த முறை ஆகியவையும் உண்டு. முதல் சந்திப்பு சில இடங்களில் இலவசம், சில இடங்களில் கட்டணத்துக்குரியது. கட்டணம் வாங்குபவர் பேராசைக்காரர் என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு மணி நேரம் ஆவணங்களைப் படித்துச் சொல்லப்படும் கருத்து, பத்து நிமிட இலவசப் பேச்சைவிடப் பயன் தரலாம்.

கட்டணம் வேறு, செலவு வேறு. கூட்டரசு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் பதிவு 405 டாலர். அது சிறு தொகை. வாக்குமூலப் பதிவுகளும் நிபுணர் சாட்சிகளும் பல்லாயிரம் டாலரை விழுங்கும். தோற்றால் அந்தச் செலவை யார் ஏற்பது, சதவீதம் கணக்கிடப்படுவது செலவைக் கழிக்கும் முன்பா பின்பா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

குடிமை உரிமை வழக்குகளுக்கே உரிய ஓர் ஏற்பாடும் உண்டு. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வென்றவரின் வழக்கறிஞர் கட்டணத்தை எதிர்த்தரப்பே தருமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். பணியிட வழக்குகளுக்கும் 1964ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதேபோன்ற விதி உண்டு. இழப்பீடு சிறிதாக இருந்தாலும் முக்கியமான வழக்குகளை வழக்கறிஞர்கள் எடுப்பதற்கு இதுவே காரணம். ஆனால் தற்காலிகத் தடையாணை கிடைத்ததை மட்டும் வைத்து ‘வென்றவர்’ ஆகிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் கூறிவிட்டது. நீதிமன்றம் தரும் கட்டணத்துக்கும் உங்கள் சதவீதத்துக்கும் என்ன உறவு என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஏழாம் பகுதியின் கீழ் மனவேதனைக்காகவும் நிறுவனத்துக்குத் தண்டனையாகவும் கிடைக்கும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு: 100 ஊழியர் வரையுள்ள நிறுவனத்துக்கு 50,000 டாலர், 500க்கு மேல் உள்ளதற்கு 3,00,000 டாலர். இழந்த சம்பளம் இந்த வரம்பில் சேராது. 1981ஆம் பிரிவுக்கு வரம்பே இல்லை.

முதல் சந்திப்புக்கு எப்படித் தயாராவது?

முதலில் ஒரு தேதிவரிசையை எழுதுங்கள். இரண்டு மூன்று பக்கம் போதும். ஒவ்வொரு வரியிலும் தேதி, நடந்தது, உடனிருந்தவர், அதற்கான ஆதாரம் ஆகியவை இருந்தால் போதும். ‘அவர் என்னை எப்போதும் அவமதித்தார்’ என்பதைவிட, ‘மார்ச் 4ஆம் தேதிக் கூட்டத்தில், ஐந்து பேர் முன்னிலையில், என் உச்சரிப்பைப் போலச் செய்துகாட்டிச் சிரித்தார்’ என்பது பத்து மடங்கு வலிமையானது. தேதி நினைவில்லை என்றால் ‘மார்ச் முதல் வாரம்’ என்றே எழுதுங்கள். ஊகத்தை உறுதிபோல எழுதினால் பின்னால் குறுக்கு விசாரணையில் அதுவே உங்களைத் திருப்பிக் கடிக்கும். தலைப்பில் ‘என் வழக்கறிஞருக்காகத் தயாரித்தது’ என்று குறித்துவிட்டு, வேறு எவருக்கும் அனுப்பாதீர்கள்.

வேலை தொடர்பானது என்றால் நியமனக் கடிதம், பணிமதிப்பீட்டு அறிக்கைகள், ஊழியர் கையேடு, சம்பளச் சீட்டு, புகார் மின்னஞ்சல்கள், நீக்கக் கடிதம் ஆகியவை வேண்டும். உங்களைப் போலவே தவறு செய்து நீக்கப்படாத சக ஊழியர் யார் என்பதையும் யோசித்து வையுங்கள். ஒப்பீட்டுக்குரிய அந்த ஒருவரே பல வழக்குகளின் அச்சாணி. காவல்துறை தொடர்பானது என்றால் கைது அறிக்கை, நீதிமன்றத் தாள்கள், மருத்துவக் குறிப்புகள், காயத்தின் தேதியிட்ட புகைப்படங்கள். பக்கத்துக் கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்துவிடும். அவற்றைப் பாதுகாக்கச் சொல்லும் கடிதத்தை அனுப்பவே வழக்கறிஞரை விரைவில் அணுக வேண்டியிருக்கிறது.

வாட்ஸ்அப் உரையாடல்களை முழுமையாக ஏற்றுமதி செய்யுங்கள். சாதகமான வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது சந்தேகத்தை வளர்க்கும். சமூக வலைத்தளப் பதிவு எதையும் இப்போது நீக்க வேண்டாம். சங்கடமான பதிவைவிட, அழிக்கப்பட்ட பதிவே அதிகக் கேடு செய்யும்.

அலுவலகக் கணினியிலிருந்து ஆதாரங்களை எடுத்து வரலாமா? பேச்சைப் பதிவுசெய்யலாமா?

உங்களுக்கு முறையாக வந்த, உங்களைப் பற்றிய தாள்களை வைத்திருப்பது வேறு. நிறுவனத்தின் கோப்புகளை மொத்தமாகத் தனி மின்னஞ்சலுக்கு அனுப்புவது வேறு. பின்னது, உங்களை நீக்க நியாயமான காரணம் ஒன்றை நீங்களே கையில் கொடுப்பதாகும். வழக்கறிஞருடன் பேச அலுவலக மின்னஞ்சலையோ மடிக்கணினியையோ பயன்படுத்தாதீர்கள். இரகசியப் பாதுகாப்பு பறிபோகக்கூடும். பேச்சைப் பதிவுசெய்வதில் நியூயார்க், நியூஜெர்சி, டெக்ஸாஸில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதம் போதும். கலிஃபோர்னியா, வாஷிங்டன், பென்சில்வேனியா மாநிலங்களில் அனைவர் சம்மதமும் வேண்டும், மீறினால் அதுவே குற்றம். ஏற்கனவே பதிவுசெய்திருந்தால், ஒலிக்க விடும் முன் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

அண்ணனையோ மாமாவையோ உடன் அழைத்துச் செல்லலாமா?

நம் வழக்கப்படி தனியாகப் போவது தயக்கமாகத்தான் இருக்கும். ஆனால் வழக்கறிஞருடனான பேச்சுக்குரிய இரகசியப் பாதுகாப்பு, தேவையற்ற மூன்றாம் நபர் அறையில் இருந்தால் இல்லாமல் போகலாம். நாளை அந்த அண்ணனையே சாட்சியாக அழைத்து, ‘உள்ளே என்ன பேசினீர்கள்’ என்று கேட்கவும் கூடும். மொழிபெயர்ப்பாளர் இதற்கு விதிவிலக்கு. ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லி, குடும்பத்தைச் சாராத தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு கேளுங்கள். உறவினர் வரவேற்பறையில் காத்திருக்கட்டும்.

எனக்குப் பாதகமானவற்றையும் சொல்ல வேண்டுமா?

அவற்றையே முதலில் சொல்ல வேண்டும். பழைய எச்சரிக்கைக் கடிதம், கைது, விண்ணப்பத்தில் எழுதிய தவறான தகவல், திவால் மனு என எதுவாயினும் எதிர்த்தரப்பு எப்படியும் கண்டுபிடிக்கும். அமர்த்திக்கொள்ளாமல் திரும்பினாலும் நீங்கள் சொன்னதை இரகசியமாகக் காக்க வழக்கறிஞர் கடமைப்பட்டவர். அதனால்தான் தொலைபேசியிலேயே எதிர்த்தரப்பின் பெயரைக் கேட்பார்கள். அவர்களுக்கு ஏற்கனவே வழக்காடுபவராக இருந்தால் மேலே எதையும் கேட்காமல் விலகிக்கொள்ள வேண்டும்.

உங்கள்மீது குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். குற்றத் தீர்ப்பு செல்லாது என்று பொருள்படும் இழப்பீட்டு வழக்கை, அந்தத் தீர்ப்பு நீங்கும் வரை தொடர முடியாது என்பது 1994ஆம் ஆண்டு முதல் உள்ள நிலை. எனவே குற்ற வழக்கில் அவசரப்பட்டு ஒப்புக்கொள்வது குடிமை உரிமை வழக்கையும் பாதிக்கலாம்.

காவலர்மீது வழக்குப் போட்டு வெல்வது உண்மையில் சாத்தியமா?

சாத்தியம், ஆனால் எளிதல்ல. ஏற்கனவே தெளிவாக நிலைநாட்டப்பட்ட உரிமையை மீறினால் மட்டுமே அலுவலர் பொறுப்பாவார் என்ற தகுதிசார் விலக்கு முதல் தடை. ஊழியர் தவறு செய்தார் என்பதாலேயே நகரம் பொறுப்பேற்காது, நகரத்தின் கொள்கையோ நிலைத்த வழக்கமோ காரணமாக இருக்க வேண்டும் என்ற 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பு இரண்டாம் தடை.

அலபாமாவின் மேடிசன் நகரில் 2015 பிப்ரவரியில் நடந்ததை நினைவுகூரலாம். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த, ஆங்கிலம் தெரியாத முதியவர் ஒருவர் காலையில் நடந்துகொண்டிருந்தார். யாரோ தொலைபேசியில் சந்தேகம் தெரிவிக்க, வந்த காவலர் அவரைத் தரையில் வீழ்த்தியதில் அவர் உடல் ஓரளவு செயலிழந்தது. ரோந்து வண்டிக் கேமரா முழுவதையும் பதிவு செய்திருந்தது. அப்படியிருந்தும் குற்ற வழக்கில் இரண்டு முறை ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை; நீதிபதி காவலரை விடுவித்தார். உரிமையியல் வழக்கோ தனிப்பாதையில் நடந்து, 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தகுதிசார் விலக்கை மறுத்து, 2021இல் 17.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. தெளிவான காணொளி இருந்த வழக்குக்கே ஆறு ஆண்டு ஆயிற்று என்பதை மனத்தில் வைத்து, ‘இது எத்தனை ஆண்டு நடக்கும்’ என்ற கேள்வியைக் கேளுங்கள்.

சந்திப்பில் நான் கேட்க வேண்டியவை என்ன?

எந்தெந்தக் கெடு, எந்தத் தேதியில் முடிகிறது என்பதே முதற்கேள்வி. பிறகு, இதுபோன்ற வழக்கை எத்தனை முறை நடத்தியிருக்கிறீர்கள், ஜூரி முன்பு வாதாடியதுண்டா, என் வழக்கின் மிகப் பலவீனமான இடம் எது, அன்றாடம் இதைக் கவனிக்கப்போவது நீங்களா இளையவரா என்று கேளுங்கள். பலவீனமே இல்லை என்று சொல்பவரிடமும், தொகையை உறுதியளிப்பவரிடமும் எச்சரிக்கை தேவை. சமரசத்தை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவு எப்போதும் கட்சிக்காரருடையது. அதை வழக்கறிஞரிடம் ஒப்படைக்கும் வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்திட வேண்டாம்.

வழக்கை எடுக்க மறுத்துவிட்டால்?

மறுப்பு, வழக்கே இல்லை என்பதற்குத் தீர்ப்பல்ல. செலவுக்கும் இழப்பீட்டுக்கும் உள்ள கணக்கு அவருக்குக் கட்டுப்படியாகாமல் இருந்திருக்கலாம். சட்டத்தில் குறையா, சாட்சியத்தில் குறையா, பொருளாதாரக் காரணமா என்று கேளுங்கள். மறுப்பையும் அவர் கணித்த கெடுத் தேதியையும் எழுத்தில் பெற்று, அதே தேதிவரிசையோடு இன்னும் இருவரைப் பாருங்கள். இதற்கிடையில் சமவேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் பதிவுசெய்ய வழக்கறிஞர் தேவையில்லை. அதை நீங்களே ஆணையத்தின் இணைய வாசல் வழியாகத் தொடங்கிவிட்டு, தேடலைத் தொடரலாம்.